பூச்சியம் பைட்

இரவு இரண்டே முக்காலுக்குக் கொட்பேயிலிருந்து அழைப்பு.
"தங்கச்சி, படிவம் வந்திட்டுது.
ஆனா வெறுங் கடதாசி."
பின்னால் எஞ்சின் உறுமுகிறது,
ஆரோ ஐஸ் உடைக்கிறார்கள்.

சவிரிமுத்தரின் படகு, ஏழு பேர், பன்னிரண்டு நாள்.
பெயர், அடையாள அட்டை, படகிலக்கம் எல்லாம் கோர்த்து
புறப்பாட்டுப் படிவம் செய்வது என் நிரல்.

போன கிழமைவரை வட்டில் எழுதினேன்.
அடைவுக்குள் அடைவு, அதற்குள் படிவம்,
படிவம் புதியது, படிவம் கடைசி, படிவம் கடைசியிலும் கடைசி.
இப்போது வந்திருக்கும் சேவையகம்
கச்சேரிக் கதவு மாதிரி:
இங்கே எழுத அனுமதி இல்லை.
ஏனென்று கேட்டால் அதே வரியைத் திரும்பச் சொல்லும்.

ஆகவே நினைவகத்துக்குள்ளேயே ஓர் ஓடை திறந்தேன்.
நினைவோடை என்றால் மேலாளர் சிரிப்பார்,
மெமரி ஸ்ட்ரீம் என்றே இருக்கட்டும்.
கோப்புக்குப் பெயரில்லை, விலாசமில்லை.
நிலத்தில் வைக்காமல்
ஒருவர் எறிய ஒருவர் பிடிக்கும் மீன்கூடை.

உவர்மலை அறையில் மின்விசிறி கிறீச்சிடுகிறது.
சன்னலுக்கு வெளியே ஒரு மான்
குப்பைப் பையைக் கிழித்து வாழைத்தோல் தின்கிறது.
பிழைச் செய்தி ஒன்றுமில்லை,
அதுதான் பயம்.
ஓடையின் நீளம் கேட்டேன்:
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் பைட்.
போய்ச் சேர்ந்தது: பூச்சியம்.
ஏழு பேரும் உள்ளேதான் இருக்கிறார்கள்,
ஒருவரும் வெளியே வரவில்லை.

பிளேன்டீ ஆறிய பிறகே பிடிபட்டது.
எழுதி முடித்த சுட்டி
எழுதி முடித்த இடத்திலேயே நிற்கிறது.
அங்கிருந்து வாசி என்றால் எதை வாசிக்கும்?
முன்னால் ஒன்றுமில்லை,
எல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால்.

ஒரு வரிதான் சேர்த்தேன்.
நிலை சமன் பூச்சியம்.

"ஆ, வந்திட்டுது."
பிறகு உரக்க வாசித்தார்,
எனக்கல்ல, பக்கத்தில் நின்ற கடற்படைக்காரனுக்கு.
றொசைரோ. கபிரியேல். கிண்ணியா ஜெமீல்...
ஜெமீலின் கொம்பு ஜகரத்துக்குப் பின்னால் போய் விழுந்திருக்காம்.
"பரவாயில்லை, ஆள் அதே ஆள்தான்."
சிரிப்பு. கயிறு நனைந்த மரத்தில் உரசும் சத்தம்.
அழைப்பு நின்றது.

ஓடையை மூடினேன்.
அந்த நாற்பத்தோராயிரமும் எழும்பி
வேறெதற்கோ இடம் விட்டன.
இருக்கும் ஒரே படிவம்
பொலித்தீன் பையில் நாலாய் மடிந்து
சவிரிமுத்தரின் சட்டைப் பைக்குள்
வெளிச்சவீட்டைக் கடந்துகொண்டிருக்கும்.
திங்கட்கிழமை கணக்காய்வாளர் பிரதி கேட்பார்,
அதைத் திங்கட்கிழமை பார்க்கலாம்.

மான் போய்விட்டது.
விளக்கை அணைத்துவிட்டு
ஏழு பெயரையும் சொல்லிப் பார்க்கிறேன்.
ஐந்துதான் வருகிறது.
ஐந்தாவதில் நின்று எவ்வளவு யோசித்தும்
அதற்கப்பால் தண்ணீர்.

தொடக்கத்துக்குப் போகிறேன்.
றொசைரோ.