அனைத்தையும் புதுப்பி

தடைக்காலம் முடிந்த இரவு.
மண்டபம் டோக்கன் அலுவலகத்தில்
நானும் ஒரு பிரிண்டரும்.
வெளியே கச்சான் காற்று,
ஐஸ் ஏற்றும் சத்தம்,
அறுபத்தோரு நாள் கட்டிக் கிடந்த விசைப்படகுகள்.

கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க எனக்கு வராது.
அதனால் கீழக்கரைச் சதக்
ஓசூருக்குப் போகுமுன் எனக்கொரு ஜன்னல் வைத்துவிட்டுப் போனான்:
பைத்தான் பொதிகள் வரிசையாக,
பெயர், பதிப்பு, பக்கத்தில் ஒரு கட்டம்.
டிக் அடித்தால் வரும். எடுத்தால் போகும்.
"மவுஸ் இருந்தாப் போதும் கமரு,
மளிகைச் சீட்டு மாதிரிதான்."

முப்பத்தெட்டு வரிகளின் ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளி.
புதியது வந்திருக்கிறது, புதியது வந்திருக்கிறது.
மேலே பெரிய பச்சைப் பொத்தான்:
அனைத்தையும் புதுப்பி.

எல்லாம் புதிதாகிற நாள்தானே என்று
அழுத்தினேன்.

பட்டை நகர்ந்தது, நிறைந்தது.
எல்லாம் பச்சை.
ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

மூன்று மணிக்கு முதல் டோக்கன்.
படகு எண் சரி. தேதி சரி.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
கட்டம் கட்டமாக.
அடுத்ததும் கட்டம்.
அதற்கடுத்ததும்.
சன்னலுக்கு வெளியே வரிசை கம்பிவேலி தாண்டிப் போய்விட்டது.

"இது யாரோடது?"
"நம்பரைப் பாருங்கண்ணே."
"நம்பர் கிடக்கட்டும், பேரு எங்க?"
சூசையடிமை தன் சீட்டை டார்ச்சில் பிடித்து எண்ணினார்.
"மரியா ஸ்டெல்லா. ஏழெழுத்து.
நீ பதிமூணு போட்டிருக்க.
மிச்சம் ஆறு யாரு வீட்டு எழுத்து?"

சதக் போனை எடுக்கவில்லை.
சார் வந்து பார்த்தார்,
பிரிண்டரைத் தட்டினார்,
கேட்ரிட்ஜை மாற்றச் சொன்னார், போனார்.

ஜன்னலில் இன்னொரு பக்கம் உண்டு,
இதுவரை நான் திறக்காதது.
எது எதை நம்பி நிற்கிறது என்று கோடு போட்டுக் காட்டும்.
டோக்கன் நிரல் ஒரு அச்சுப் பொதியை நம்பியது.
அச்சுப் பொதி எழுத்து கோக்கும் பொதியை.
அது, கடைசியில்,
பெயரை உச்சரிக்கக்கூட முடியாத
ஒரு சின்னஞ்சிறு பொதியை.
பராமரிப்பவர்: ஒருவர்.
என்ன ஊரோ, அங்கே இப்போது மணி என்னவோ.
அந்த ஆள் ஏதோ ஒரு வரியை மாற்ற,
மண்டபத்தில் படகுக்குப் பெயரில்லை.

வலது சொடுக்கு.
பழைய பதிப்புகள் படிக்கட்டுப் போல இறங்கின.
ஒன்று இறங்கினேன். கட்டம்.
இன்னொன்று. ஜன்னல் எச்சரித்தது:
இதை மாற்றினால் நான்கு பொதிகள் பாதிக்கப்படும்.
சரி, படட்டும்.
இன்னொன்று.

பிரிண்டர் இருமியது.
ம.
பிறகு ரி, யா,
கொம்பும் காலும் அதனதன் இடத்தில்.
நான் சத்தமாகவே வாசித்துவிட்டேன்.
வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

அந்த ஒரு வரிக்கு மட்டும் பூட்டுப் போட்டேன்.
இங்கேயே நில்.
சின்னதாக ஒரு பூட்டுப் படம் வந்து உட்கார்ந்தது.
ஆனாலும் ஆரஞ்சுப் புள்ளி போகவில்லை.
பூட்டுக்குப் பக்கத்திலேயே,
புதியது வந்திருக்கிறது.

ஐந்தே முக்காலுக்குத் துறையில்
கடைசிக் கயிறும் அவிழ்ந்தது.
சூசையடிமை அதற்கு முன்பே போயிருக்க வேண்டியவர்,
புதுச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு
பழையதை என் மேஜைமேல் விரித்தார்.
"இதுல எதும்மா புள்ளி?"

ம ஒன்று, ர இரண்டு, அதன் கொக்கி மூன்று.
விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன்.
கணினிக்குக் காலும் ஓர் ஆள்,
கொம்பும் ஓர் ஆள்.
"ஏழாவது கட்டம்," என்றேன்.
"அப்புறம் பதினொண்ணு."

அவர் அந்த இரண்டுக்குமேல் மட்டும்
பேனாவால் ஒவ்வொரு புள்ளி வைத்து,
அதையும் மடித்து எடுத்துக்கொண்டு
படகுக்கு ஓடினார்.