நீலமாகாதவை

ப்ளோவ்திவ். ஜனவரி. மாலை நாலரைக்கே
மாரிட்சா ஆற்றின் மேல் இருட்டிவிட்டது.
மேசையில் மூன்று குழாய் ரத்தம்.
ஒன்று பையனுடையது,
ஒன்று அவன் அம்மாவுடையது,
மூன்றாவது என்னுடையது:
ஒப்பிட ஆரோக்கியமான ஆள் வேண்டுமாம்,
முழங்கால் வலியோடு நான்தான் கிடைத்தேன்.

பையனுக்கு நான்கு வயது.
ரொடோப்பி மலையில் ஆடு வளர்க்கும் வீடு.
போன கோடையில் வைக்கோல் கொட்டகையில் ஒளிந்து விளையாடினான்,
நுரையீரலில் பூஞ்சை.
இப்போது கல்லீரலில் சீழ்க்கட்டி, மூன்றாம் முறை.
பெயர் ஒக்னியான்.
எங்கள் மொழியில் அது நெருப்பின் பெயர்.

மஞ்சள் சாயம் விடுகிறேன்.
வெள்ளணுக்களைச் சீண்ட ஒரு சொட்டு.
முப்பத்தேழு டிகிரியில் மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

விழுங்குவதில் எந்த வெள்ளணுவும் குறை வைப்பதில்லை.
விழுங்கியதை என்ன செய்வது?
அங்கேதான் அடுப்பு வேண்டும்.

கிருமியை அடைத்த பையின் சுவரில்
ஒரு நொதி
துண்டு துண்டாக வந்து பூட்டிக்கொள்ளும்.
எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளும்.
நாம் சும்மா இழுத்துவிட்ட மூச்சின் ஆக்சிஜன்
அதை வாங்கி மூர்க்கமாகும்,
பெராக்சைடாகும்.
பக்கத்தில் இன்னொரு நொதி காத்திருக்கும், பச்சை நிறம்.
(சளியில் பார்த்து முகம் சுளிக்கிறோமே, அந்தப் பச்சை.)
அது பெராக்சைடை எடுத்து, ரத்தத்தின் உப்பை எடுத்து,
ப்ளீச் காய்ச்சும்.
ஆம், ப்ளீச்.
வெளியே நடைவழியில் பென்கா
வாளியில் கரைத்துத் தரை துடைக்கிறாளே,
அதே சரக்கு,
கண்ணுக்குத் தெரியாத அண்டாவில்.

நேரமாயிற்று.
நுண்ணோக்கியில் முதலில் என் ரத்தம்:
அணுவுக்கு அணு கருநீலம்,
அவுரி கொட்டிய மாதிரி.
எரிந்த இடமெல்லாம் மஞ்சள் நீலமாகும்.
அதுதான் சோதனை, வேறு மந்திரமில்லை.

ஒக்னியானுடையது.
நூறு எண்ணினேன்.
விளக்கைக் கூட்டி மறுபடி நூறு.
ஒன்றுகூட நீலமில்லை.
பூனை படுத்துறங்கும் அடுப்புகள்,
வரிசையாக.

பச்சை நொதி அவனிடமும் இருக்கிறது,
குறையில்லாமல், நிறைய.
காய்ச்சத்தான் ஒன்றும் வந்து சேரவில்லை.

வேடிக்கை என்னவென்றால்,
சில கிருமிகள் தாமே பெராக்சைடு சுரக்கும்.
தம் கொள்ளியைத் தாமே தூக்கிக்கொண்டு
அவன் அணுக்களுக்குள் நுழைந்து செத்துப்போகும்.
அவற்றால் அவனுக்குப் பயமில்லை.
கொள்ளியை அணைத்துவிட்டு நுழைகிறவைதான்
கல்லீரலில் குடியிருக்கின்றன.

கடைசியாக அம்மா.
இதற்கு நான் தயாராக இருந்தேன்,
பாடப்புத்தகத்தில் படம் உண்டு.
ஆனாலும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
நாற்பத்தாறு நீலம்.
ஐம்பத்து நான்கு இல்லை.
ஒரே சொட்டில், தோளோடு தோள்,
எரிந்ததும் எரியாததும்.
அந்த எழுத்துப் பிழை அவளிடம் ஒரு பிரதியில்தான்.
சரியான பிரதி ஒன்றும் இருந்ததால்
முப்பத்தொரு வருடம் தெரியாமலே போயிற்று.
மகனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிரதி.

இதை எப்படி எழுதுவது?
படிவத்தில் சதவீதத்துக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது.
பூஜ்யம் போட்டேன்.
கீழே நாற்பத்தாறு.
கையெழுத்து, முத்திரை.

கதவைத் திறந்தால் ஈரத் தரையில்
ஒக்னியான் ஓடி வழுக்குகிறான், எழுந்து ஓடுகிறான்.
மேல்மூச்சு வாங்குகிறது, நெஞ்சு விம்முகிறது.
காற்றுக்கு ஒரு குறையுமில்லை.
உள்ளே போகிற ஆக்சிஜன் அணுவின் வாசல்வரை போய்
கேட்பாரின்றி நிற்கிறது.

முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
எனக்கு அனுமதியில்லை.
வெஸெலா அதைக் கேட்கவும் இல்லை.
என் விரலில் ஒட்டிய மஞ்சள் கறையையே பார்த்தாள்.
பிறகு, சந்தை நிலவரம் விசாரிப்பது போல,
"கொட்டகையில் இன்னும் பாதி வைக்கோல் கிடக்கிறது,
விற்றுவிடட்டுமா?" என்றாள்.