இடமில்லாத எழுபத்தொன்று

வேலந்தாவளம் சோதனைச்சாவடி,
இரவு பதினொன்று இருபது.
வண்டியில் ஒரு லட்சத்து இருபதாயிரம் முட்டை.
ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்குக் காய்ச்சலாம்,
நாமக்கல் கோழிகள் பதில் சொல்லணுமாம்.
"ஆர்டர் வரட்டே, சேட்டா" என்றாள் ஜிஷா,
கால்நடை ஆய்வாளர்,
இழுப்பறையிலிருந்து பலகையையும்
எழுத்துக்கட்டைப் பையையும் எடுத்தபடி.

எங்களுக்குள் ஒரு சட்டம்:
சொல்லை வைத்தால் போதாது, பொருளும் சொல்லணும்.
சொல்லாவிட்டால் மதிப்பெண் பாதி.
உலகத்தில் எவனும் இப்படி ஆடுறதில்லை
என்பான் என் கிளீனர்.
உலகத்தில் எவன் வேலந்தாவளத்தில்
விடிய விடிய நிற்கிறான்?

பத்தாவதில் இங்கிலீஷில்
இரண்டு முறை கவிழ்ந்தவன் நான்.
டீசல் பில்லின் முதுகில் எழுதி
கண்ணாடிக்கு மேலே செருகிய சொற்கள் இருநூறு.
ஓட்டும்போது படிப்பதில்லை. சத்தியமாக.

டீ, எஸ், ஓ வைத்து "ஸோ" என்றாள்.
யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்பு,
இமயத்தில் மூட்டை சுமப்பது.
நாலு விதமாக எழுதலாமாம், எதில் எழுதினாலும் சுமைதான்.
"இந்த வழியா வந்தா ரிஜிஸ்டரில்
எந்தக் கட்டத்தில் போடுவே?"
"மற்றவை" என்றாள், யோசிக்காமல்.

எழுத்தில்லாத கட்டையைச் சீ என்று சொல்லி
டபிள்யூ, எம் சேர்த்தேன். கூம்.
"உயிரெழுத்தே இல்லல்லோ!"
வேல்ஸ்காரனுக்கு டபிள்யூதான் உயிர்.
மலை மடியில் கிண்ணம்போல் கிடக்கும் பள்ளம் அது.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
மலை இருக்கிற திசையில்
பாலக்காட்டுக் காற்று மட்டும்
தார்ப்பாயைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஆக்ட்ராய் என்று அவள் வைத்ததற்குப்
பொருள் கேட்கவில்லை நான்.
ஊருக்குள் நுழையும் சரக்கை
வாசலில் மடக்கி வாங்கும் வரி.
எதிரே பூட்டிக் கிடக்கிற பழைய சாவடியில்
கல்லாமேசை இருந்த இடத்தில்
ஒரு நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது.
அதில் இரண்டு அக்கரைக்குப் போய்விட்டன, ரசீது இல்லாமல்.

அவளுடைய அந்தச் சீயையே நடுவில் பிடித்து
மேலிருந்து கீழாக இறக்கினேன்: அனிகட்.
"இது இங்கிலீஷோ? இது நம்மடெ அணக்கெட்டல்லே!"
நம்ம அணைக்கட்டுதான்.
அகராதி பிறப்பிடம் தமிழ் என்றது.
அவள் அகராதியைக் கவிழ்த்து வைத்தாள்.
ஆளியாற்றுத் தண்ணீருக்கு வருஷாவருஷம்
இரண்டு தலைநகரத்திலும் ஃபைல் புரள்கிறது,
எங்கள் வழக்கு ஒரு கட்டன்சாயாவில் தீர்ந்தது.
எட்டு மதிப்பெண் எனக்கு.

மூன்று நாற்பதுக்கு அவள் போன் ஒளிர்ந்தது.
திருப்பி அனுப்பு.
அந்த நேரம் பார்த்து என் கையில்
சீ, எச், ஏ, எல், ஏ, இஸட், ஏ.
கலேஸா.
ஏழு கட்டையும் ஒரே வீச்சில். எழுபத்தொன்று!
பலகையை இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன்.
எங்கேயும் இடமில்லை.
மேலே கூம் மறிக்கிறது, பக்கத்தில்
நானே கட்டிய அணை.

"சாரமில்லை. அர்த்தம் பறா" என்றாள்.
வழியில் விரிசல் விட்ட முட்டையொன்றை
எவர்சில்வர் டம்ளரில் உடைத்து
போன் வெளிச்சம் அடித்துக் காட்டினேன்.
கருவின் இரண்டு பக்கமும் முறுக்கிய வெள்ளை நூல்.
கரு எந்த ஓட்டிலும் போய் முட்டாமல்
நடுவில் பிடித்து வைத்திருப்பது.

"தமிழில் என்ன?"
தெரியவில்லை.
"மலையாளத்தில்?"
அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஆயிரம் முறை ஆம்லெட்டுக்குக் கலக்கியிருப்போம்,
இரண்டு பேரும்.

ரிஜிஸ்டரில் நேரம் எழுதி முத்திரை குத்தினாள்.
பிறகு மதிப்பெண் தாளை இழுத்து
என் பெயருக்குக் கீழே
முப்பத்தைந்தரை என்று போட்டாள்.
"பொருள் உண்டு. இடமில்லை. அப்போ பாதி."
வண்டியைப் பின்னால் எடுக்கும்போது
அந்த அரைக்காகத்தான் கத்திக்கொண்டே வந்தேன்.