மணல்

எண்ணெய் எரிக்கும் நீராவி எஞ்சினுக்கு
அவ்வப்போது மணல் கொடுக்க வேண்டும்.
தெரியாதவர்கள் சிரிப்பார்கள்.
குழாய்க்குள் கரி படிந்தால் ஆவி சோம்பிவிடும்;
தீயின் வாய்க்குள் ஒரு கரண்டி எறிந்தால்
வெள்ளையாய்ப் போன மணல்
புகைபோக்கி வழியே கறுப்பாய்க் கிளம்பி
ஒரு தெருவையே போர்த்தும்.

ஸ்பூனர் ரோட்டு குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு
இதெல்லாம் அத்துப்படி.
அவர்களோடு எங்களுக்கு எழுதாத ஒப்பந்தம்:
தஞ்சோங் பகாரில் கிளம்பினால்
புக்கித் தீமா இரும்புப் பாலம் தாண்டும்வரை
கரண்டியைத் தொடக் கூடாது.

பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு முறை மீறினேன்.
முந்தின இரவு,
ஊருக்கு அனுப்பிய முப்பது வெள்ளியை
மரகதவல்லி கேட்டாள். நான் கத்தினேன்.
அவள் கத்தவில்லை, அதுதான் பொறுக்கவில்லை.
காலையில் கொடியில் அவள் துவைத்த வெள்ளைகள்:
பிள்ளைகளின் பள்ளிச் சட்டை, தலையணை உறை,
நீலம் போட்ட என் வேட்டி.
இரண்டு கரண்டி.
குர்தியால் சிங் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்
"குழாய் சுத்தமாத்தானே இருந்தது?" என்றார்.

அதன்பின் மூன்று நாள்
என் தட்டுச் சோற்றில் மட்டும்
மணல் கடிபட்டது.
மென்று விழுங்கினேன்.

பிறகு டீசல் வந்தது.
அதே ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்,
அதே வளைவு, அதே லாலான் புல்.
எனக்கு ஒரு மெத்தை இருக்கை கொடுத்தார்கள்.
தீ போய்விட்டது; பயர்மேன் என்ற சொல் மட்டும்
சம்பளச் சீட்டில் இன்னும் சில மாசம் தொங்கியது,
மூடிய கடையின் பெயர்ப்பலகையாய்.
கிராஞ்சி வரைக்கும்
இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன்,
பெண் பார்க்க வந்தவன் மாதிரி.

அன்று இரவு மரகதவல்லி
என் சட்டைக் காலரை விளக்கடியில் திருப்பினாள்.
முகர்ந்தாள். மறுபடி திருப்பினாள்.
"வேலைக்குத்தான் போனீங்களா?"
சத்தியம் செய்தேன்.
நம்பாமல் பக்கத்து வீட்டு யூனுஸ் மனைவியிடம் போனாள்;
அங்கேயும் அதே சட்டை, அதே கேள்வி.
இரண்டு பேரும் வாசலில் நின்று சிரித்த சிரிப்பில்
உள்ளே நாங்கள் இருவரும்
ஏதோ குற்றம் செய்தவர்கள்போல் தேத்தண்ணி குடித்தோம்.

லாபம் என்றுதான் முதலில் கணக்குப் போட்டாள்:
சவுக்காரம் பாதி மிச்சம்.
அப்புறம் வாளியோடு ஷெட்டுக்குப் போய்
கைக்குழந்தையைக் குளிப்பாட்ட
கொதிநீர் கேட்டாள்.
டீசலிடம் வெந்நீர் கிடையாது.
காலண்டரில் எழுதினாள்:
விறகு, நாலு வெள்ளி.

இதிலும் மணல் உண்டு.
ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால்
பெட்டியிலிருந்து தண்டவாளத்தில் கொட்டும்.
அதற்கு ஒரு பொத்தான்.
யார் கோபத்தையும் அது கேட்பதில்லை.

போன வியாழன் மறுபடியும் சண்டை.
காரணம் சொல்ல மாட்டேன், சின்னது.
வெள்ளிக்கிழமை விடியலில் யார்டு தாண்டி வரும்போது
பார்க்கிறேன்:
வீட்டில் உள்ள வெள்ளை முழுவதும்
கொடியில்.
அழுக்கே படாத படுக்கை விரிப்பு,
மடித்து வைத்திருந்த மேசைத்துணி,
பெட்டிக்குள்ளிருந்த கல்யாண வேட்டிகூட.
நடுவில் அவள்,
இடுப்பில் கை,
நேராக என் ஜன்னலைப் பார்த்து.

என் வலது கை தானாகக் கீழே இறங்கி
கரண்டி இருந்த இடத்தைத் துழாவியது.
வெறும் தகரம். வழவழப்பு.

"ஹாரனை ஒருதடவை அடிங்க" என்றேன்.
குர்தியால் சிங் ஏன் என்று கேட்கவில்லை.
நீளமாக அடித்தார்.

கோழிகள் பறந்தன.
யூனுஸ் வீட்டுக் குழந்தை வீறிட்டது.
கொடியில் ஒரு துணியும் அசையவில்லை.
அவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு
குனிந்தாள். தோள் குலுங்கியது.
சிரிப்பா என்று தெரிந்துகொள்ள
ஜொகூர் போய்த் திரும்ப வேண்டும்.