கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியது

ஏற்காடு பஸ் மதியம் ஒன்றரைக்கு.
கண்டக்டர் பச்சையண்ணன் பையில்
பென் டிரைவ் ஒன்று, குண்டு மாங்காய் நாலு,
தட்டுவடை செட்டுக்கென்று
தனியாகக் கட்டிய பீட்ரூட் துருவல்.
அது புளித்திருந்தால் என்னைத் திட்டாதே,
கொண்டை ஊசி வளைவு இருபதையும் திட்டு.
அந்தப் பழைய ஸ்டுடியோ வளைவைத் தாண்டும்போது
பைக்குள்ளிருந்தே பென் டிரைவ்
ஒரு கும்பிடு போட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அமலோற்பவம்,
காப்பித் தோட்டத்துப் படியில் வழுக்கி
மாவுக்கட்டு வாங்கிக்கொண்டவளே,
ஆறு வாரம் என்றாராமே டாக்டர்.
நாளுக்கு ஒன்று வீதம் நாற்பத்திரண்டு படம்.
நான் அனுப்புவது ஐந்து.
திருப்பித் திருப்பிப் பார்.

இங்கே வெயில்
பார்சல் ஆபீஸ் தராசைத் தொட விடவில்லை.
சூரமங்கலத்தில் தார் உருகி
என் செருப்பு ஒன்று ரோட்டோடு போய்விட்டது.
மேலேயும் இந்த வருஷம் ஃபேன் வாங்கினாயாம்.
கேட்டதும் மலையே
ஒரு படி கீழே இறங்கினது மாதிரி இருந்தது.

ஆகையால் மழைப் படத்தில் தொடங்கு.
கறுப்பு வெள்ளை. இரண்டு மணிக்குப் போடு,
தகரம் சடசடக்கிற நேரத்தில்.
சத்தம் கரகரக்கும்; அந்தப் படத்தின் தொண்டையே அப்படித்தான்.
குடை பிடித்தபடி காதலிக்கிறார்கள்,
குடை பிடித்தபடியே பிரிகிறார்கள்.
ஒரே ஓர் இடத்தில் கவனி:
அவள் தோளுக்குப் பின்னால்
காய்ந்த தரையில், நல்ல வெயிலில்
ஓர் ஆடு நின்று இருவரையும் பார்க்கிறது.
படத்திலேயே நல்ல நடிப்பு அதனுடையதுதான்.

லாட்ஜ் படம் ஒன்று இருக்கிறது.
ஒரே பெயரில் நாலு பேர், ஒரு மணியார்டர்.
சிரித்தால் கட்டு அதிரும், வலிக்கும்.
வலித்தாலும் பார்.

கோர்ட்டில் முடிகிற படத்தில்
தயவுசெய்து பாட்டை ஓட்டிவிடாதே.
வசனத்தில் எல்லாவற்றுக்கும் ‘சரிங்க’ என்கிற பெண்
பாட்டில் மட்டும்தான்
தனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறாள்.
ஓட்டினால் உனக்கும் விளங்காது,
கதாநாயகனுக்கு விளங்காத மாதிரி.

கலர் படம், வெளுத்த கலர்.
காஷ்மீர் என்பார்கள், நம்பாதே.
அது உங்கள் ஏரி. பட்ஜெட் அவ்வளவுதான்.
சால்வைக்குள் நாயகன் நடுங்குகையில்
பின்னால் விறகுக்கட்டோடு ஒருவர்
கேமராவைப் பார்த்து ஒரு நொடி நின்று போகிறார்.
உன் சித்தப்பா என்று சத்தியம் செய்தாயே,
நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சொல்.
பந்தயப் பணம் இருபது ரூபாய்
இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மிச்சம் இருக்கிற ஒன்றைக் கண்டுபிடிக்க
மூன்று மாதம் ஆனது.
அப்போதே அது பழைய படம்.
காலேஜுக்கு மட்டம் போட்டு
செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மேட்னி, பெஞ்சு டிக்கெட்.
இடைவேளை விளக்கு எரிந்ததும்
மூன்று வரிசை முன்னால்
உன் அண்ணன், கையில் முறுக்கு.
தாவணியால் முகத்தை மூடிக்கொண்டு
பக்கவாட்டுக் கதவால் ஓடினோமே, அது.

கதவைத் தட்டிவிட்டு நிற்கிறாள்.
உள்ளே யாரோ எழுந்து வருகிற காலடி.
அதோடு இடைவேளை.
முப்பத்தாறு வருஷமாக
அவள் வாசலிலேயே நிற்கிறாள்.

முழுசாக ஓடுகிறதா என்று
பார்த்துக்கொள்ளச் சொன்னான் கடைப் பையன்.
பார்த்தேன். காலடி கேட்டது.
நிறுத்திவிட்டேன்.

நீயும் தனியாகப் பார்த்துவிடாதே.
ஞாயிறு எனக்கு டியூட்டி இல்லை,
முதல் பஸ்ஸில் வருகிறேன்.
உன் அண்ணனையும் கூப்பிடு,
முறுக்கு நான் வாங்கி வருகிறேன்.
முடிவு தெரிந்தவர் நம்மில் அவர் ஒருவர்தான்.
கதவு திறக்கிறவரை
வாயைத் திறக்கக் கூடாதென்று சொல்லிவை.