அட்டவணையில் பன்னிரண்டாவது வரி

பழைய சோனகத் தெருவில் கடை.
கீழே நாட்டாமிகளின் கைவண்டிச் சத்தம்.
மேலே, பைப் மூட்டுகளுக்கும் கொமட் பெட்டிகளுக்கும் நடுவில்
என் மேசை, ஒரு மின்விசிறி, மூன்று மென்பொருள்.
மூன்றும் பதினான்கு நாள் இலவசம்.
"வாடிக்கையாளர் உறவைப் பேண" என்கின்றன மூன்றும்,
ஏதோ நாங்கள் இதுவரை
சண்டை பிடித்துக்கொண்டிருந்ததுபோல.

மஃறூப் முதலாளிக்கு ஒரே தாளில் வேண்டும்.
"பெருசா எழுத வாணாம் மிஸ்.
எது நல்லம், எவ்வளவு. அவ்வளவுதான்."
எக்செலில் கோடு போட்டேன்.
மேலே மூன்று பெயர், பக்கத்தில் பதினொரு கேள்வி.

முதலாவது நீலம்.
முதற்பெயர் இல்லாமல் நகராது,
குடும்பப்பெயர் இல்லாமலும் நகராது.
இருபது வருடமாய் நாங்கள்
குணரத்ன பாஸ் என்றே சிட்டை எழுதும் மனிதரை
இரண்டாய் வெட்டி உள்ளே போட்டேன்.
அடுத்த நாள் காலை
"அன்புள்ள திரு. பாஸ்" என்று ஒரு கடிதம்
அவருக்காகத் தயாராய் நின்றது.
விட்டுப்போனவர் ஏன் போனார் என்றும் கேட்கும்:
விலை, போட்டி, சேவை, வேறு.
கட்டாருக்கு லொறி ஓட்டப் போனவரும்
மாரடைப்பில் போனவரும்
'வேறு'க்குள் போனார்கள்.

இரண்டாவது பச்சை. கெட்டிக்காரப் பச்சை.
ஒரே தொலைபேசி, இரண்டு பெயர், ஒன்றாக்கவா? என்றது.
கொட்டாஞ்சேனை அந்தோனிப்பிள்ளை சகோதரர்கள்.
கடைக்கு நடுவே பலகை அடித்துப் பிரிந்தவர்கள்.
தொலைபேசியை மட்டும் பிரிக்க முடியாமல்
பலகையில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள்.
அண்ணனின் சிட்டை தம்பி கைக்குப் போனால்
சாமான் முழுதும் திரும்பி வரும்,
லொறிக் கூலி எங்களுக்கு.
'வேண்டாம்' அழுத்தினேன்.
நாளைக்கும் ஞாபகப்படுத்துகிறேன் என்றது.

மூன்றாவது மலிவு.
சென்னையிலிருந்து ஒரு பையன்
"சொல்லுங்க மேடம்" என்று எந்நேரமும் எடுப்பான்.
சிங்கள எழுத்து மட்டும் கட்டம் கட்டமாய் விழும்.
கடுவெலக்காரர், ஹோமாகமக்காரர்,
எங்கள் வியாபாரத்தில் பாதிப்பேர்
வெறும் கட்டங்களாய் வரிசையில் நின்றார்கள்.

சந்தா மூன்றுக்கும் டொலரில்.
முதலாளி ஒவ்வொரு காலையும் அன்றைய விலையால் பெருக்கி
ஒவ்வொரு காலையும் கல்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தார்.

ஒன்பதாம் நாள் பிழை நடந்தது. என் பிழைதான்.
பச்சையில் ஒரு பொத்தான்,
இரண்டு வருடமாய் வராதவர்களைத் தேடித்தரும் என்றது.
தந்தது, நாற்பத்தியொரு பேர்.
நான் பட்டியலை வாசித்து முடிக்குமுன்
அனுப்பியும் விட்டது:
"உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம்."

வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குக் கடை பூட்டுமுன்
வத்தளை ஜெகசோதி வந்தார்.
கட்டிடக் கொந்தராத்து.
சீமெந்து விலை ஏறிய வருடம் எட்டு வீடு பாதியில் நிற்க
அவருடைய செக் இரண்டு திரும்பி வந்தது.
அதன்பிறகு இந்தத் தெருவால் வந்தால்
எதிர்ப்பக்க நடைபாதையால்தான் போவார்.
நாங்களும் அந்நேரம் பார்த்து
உள்ளே எதையாவது தேடுவோம்.

கடித உறையை மேசையில் வைத்தார். பன்னிரண்டாயிரம்.
"மூண்டு வருஷமா நீங்க கேக்கேல்லை" என்றார்.
"இப்ப கேட்டுட்டீங்கள்."
முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் காசை எண்ணவில்லை.
தேநீர் சொன்னோம்.
அது ஆறும்வரை இருந்துவிட்டு, குடிக்காமல் போனார்.

பின்னேரம் பச்சை ஓர் அறிக்கை தந்தது:
மீட்டெடுத்த வாடிக்கையாளர், ஒருவர்.
திரை முழுக்கக் காகிதத் துணுக்குகள்
கலர் கலராய்க் கொட்டின.

அட்டவணையில் இன்னொரு வரி சேர்த்தேன்:
சும்மா இருக்கத் தெரியுமா?
நீலம், இல்லை. பச்சை, இல்லை.
மூன்றாவதுக்குச் சென்னைக்கே எடுத்துக் கேட்டேன்.
கொஞ்சநேரம் யோசித்தான்.
"அப்படி ஆப்ஷன் இல்ல மேடம்.
வேணும்னா போட்டுத் தரலாம், சார்ஜ் தனி."

முதலாளி தாளை வாங்கினார்.
கடைசி வரியில் விரல் வைத்தபடியே
நெடுநேரம் இருந்தார்.
"இண்டைக்கு டொலர் எவ்வளவு?" என்றார்.