நூற்றி இருபது

களியக்காவிளைச் சந்தைக்கு எதிரே, மாடியில்,
ஷைனி அக்காவின் பார்லரில்
வயர் வைத்த கத்திரி ஒன்றே ஒன்று.
ஷார்ஜாவிலிருந்து வந்தது.
பிளக்கில் மாட்டினால் இரண்டு நிமிடம் யோசிக்கும்,
பிறகு ஒரு கீச்.
வெட்டும்போதே நுனியைச் சுட்டு அடைத்துவிடும்,
பிளவு மேலேறாது என்று
வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும்.
சொல்கிறேன்.
நம்புவது அவரவர் பாடு.
விலை மட்டும் இரண்டு கணக்கு:
பாறசாலைக்காரிகளுக்கு அறுநூறு,
நம்ம பக்கம் ஐந்நூறு, அதிலும் பேரம்.

புதன் மத்தியானம் லீலாபுஷ்பம் வந்தாள்.
அண்டியாபீசில் தல்லுகிறவள்.
அவிழ்த்தால் நாற்காலியைத் தாண்டி விழும் முடி,
நுனியெல்லாம் இரண்டாய் மூன்றாய்ப் பிரிந்து
தேய்ந்த துடைப்பம் மாதிரி.

"மணக்குமா?"
சரியான சூடென்றால் மணக்காது,
கூடிப்போனால் கோழி வாட்டின மணம் வரும் என்றேன்.
"கோழி மணத்துக்கா பயப்படப் போறேன்?
எட்டு மணிக்கூறும்
அண்டி வறுக்க புகையிலதான் கெடக்கேன்."

முடியைக் கொத்துக் கொத்தாய் முறுக்கினேன்.
முறுக்கினால் உடைந்த மயிர்கள் மட்டும்
புசுபுசுவென்று வெளியே நிற்கும்.
அவற்றைக் கத்தரித்துக்கொண்டே மேலேற வேண்டும்.
ஒரு முறுக்குக்கு ஆறு நிமிடம்.
திரையில் நூற்றி இருபது.

பாதியில் கரண்ட் போனது.
கத்திரியை மேசையில் வைத்து
ஜன்னலைத் திறக்கப் போனேன்.
தொடாதீங்க, இன்னும் ஆறல
என்பதற்குள் எடுத்துவிட்டாள்,
பிடியை அல்ல, அலகை.
மீன் வாங்குகிறவள் செவுளைத் திறப்பதுபோல்
இரண்டு விரலால், நிதானமாய்.

"இதா சூடு?"

அந்த விரல்களை அப்போதுதான் பார்த்தேன்.
அண்டிப்பாலில் வெந்து உரிந்து
வெந்து உரிந்து
கறுத்து, வழவழவென்று.
ரேஷன் கடை மெஷின் மூன்று மாதமாய் ஏற்பதில்லையாம்.
அரிசிக்கு மகனைக் கூட்டிப் போகிறாளாம்,
அவனுக்குப் பள்ளிக்கூடம் அரை நாள் லீவு.

கரண்ட் வந்தது. கீச்.
"கொஞ்சம் கூட்டி வையேன் மக்களே."
கூட்டக் கூடாதுக்கா, கருகிடும்.
"முடி அம்புட்டுதான் தாங்குமா?"
சிரித்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்துத்தான்.

ஐந்நூறு. பேரம் பேசவில்லை.
ஒரு தடவை தலையைச் சிலுப்பிப் பார்த்தாள்,
வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை.
பிறகு கொண்டை போட்டு
அதன்மேல் துண்டைக் கட்டிக்கொண்டாள்.
காலை ஆறரைக்கு ஆபீஸ் வண்டி.

தரையைக் கூட்டினால் ஒரு பிடி கூடத் தேறவில்லை.
துடைக்கும்போது அலகில்
புளியங்கொட்டை அளவில் ஒரு தடம்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.
கோடே இல்லை.

மூன்றரைக்கு ஒருத்தி படியேறி வந்தாள்.
பாறசாலை.
அறுநூறு என்றேன்.